வைக்கோல் ஊடகத்தில் கீரை வளர்ப்பு

மண்ணுக்கு மாற்றாக நெல் வைக்கோலை வளர்ப்பு ஊடகமாக, அதாவது வேர் பற்றி நின்று நீரும் சத்தும் பெறும் இடமாகக் கொண்டு, அதன்மேல் சொட்டுநீர்க் குழாய் ஓட்டிக் கீரை பயிரிடும் முறையின் அடிப்படை புதிதன்று. மண்வழி நோய்களால் நலிந்த இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் வைக்கோல் கட்டுகளின்மீது வெள்ளரியும் தக்காளியும் முன்பே விளைந்தன. அமெரிக்காவின் ஜோயல் கார்ஸ்டன் அதை வீட்டுத்தோட்ட முறையாகப் பரப்பினார். ஆனால், அவை மாதக்கணக்கில் நின்று காய்ப்பவை. கீரையின் ஆயுளோ குறுகியது. இம்முறையின் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

உவர் நிலத்திலும் சிமெண்டுத் தளத்திலும் பயிர் செய்ய இது வழிதருகிறது. நாற்றழுகல், வேர்முடிச்சு நூற்புழு போன்ற மண்வழித் தொல்லைகள் குறைகின்றன. மழைத்துளி தெறித்து இலையில் மணல் ஒட்டுவதில்லை என்பதும் கீரையைப் பொறுத்தவரை சிறிய நன்மையன்று. களை அறவே இராது என்பது மட்டும் மிகை: கட்டில் தங்கிய நெல்மணிகள் முளைக்கும், காளான்களும் தலைகாட்டும்.

முதன்மையான குறை தழைச்சத்தைச் சார்ந்தது. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்குத் தழைச்சத்தை ஈர்த்துக்கொள்வதால் இளஞ்செடி வெளிறி நின்றுவிடுகிறது. எனவே, விதைப்பதற்கு முன் ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் நீரும் தழைச்சத்து உரமும் இட்டுக் கட்டைப் பதப்படுத்த வேண்டும். அப்போது உட்பகுதி கை பொறுக்காத அளவுக்குச் சூடேறுவதால், அது தணியும்வரை விதைக்க இயலாது. நான்கு மாதம் நிற்கும் தக்காளிக்கு இக்காத்திருப்பு பொருட்டன்று. 25 நாள்களில் வேரோடு பிடுங்கப்படும் சிறுகீரைக்கோ அது பயிர்க்காலத்தில் பாதி. அவசரப்பட்டு உரத்தைக் கூட்டினால் இலையில் நைட்ரேட் மிகும்.

நீரின் போக்கும் கருதத்தக்கது. களிமண்ணில் சொட்டும் நீர் பக்கவாட்டில் பரவும் என்பதே சொட்டுநீர்ப் பாசனத்தின் கணக்கு. வைக்கோலின் மெழுகுப் பூச்சுள்ள தாள்கள் நீரை எளிதில் ஏற்பதில்லை. தாள்களுக்கிடையே பெரிய இடைவெளிகளும் உள்ளன. ஆகவே, சொட்டுவானிலிருந்து விழும் நீர் ஒரு குறுகிய தூணைப்போல நேரே கீழிறங்க, அருகிலேயே வறண்ட திட்டுகள் எஞ்சுகின்றன. நெருக்கமாகத் தூவப்படும் கீரைக்கு இது பெருங்கேடு. சொட்டுவான்களை நெருக்கி வைத்து, நாளுக்குப் பலமுறை சிறிது சிறிதாக நீர்விடுவதே இதற்கு வழி. ஒரே முறையாக நெடுநேரம் விட்டால், வைக்கோலில் எளிதில் கரையும் சாம்பல் சத்தும் இட்ட உரமும் அடிவழியே வடிந்துபோகும். கடுகினும் சிறிய கீரை விதை தாள்களின் இடுக்கில் விழுந்து மறையாதிருக்க, மேலே மக்கிய தொழுவுரத்தை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புவதும் இன்றியமையாதது.

இவற்றைச் சீர்தூக்கினால், பிடுங்கும் கீரைகளைவிட அறுக்க அறுக்கத் தழைக்கும் அரைக்கீரையும் பாலக்கும், தண்டு நட்டு வளரும் ஈரம் விரும்பியான பொன்னாங்கண்ணியுமே இம்முறைக்கு உரியவை எனலாம். ஒருமுறை பதப்படுத்திய உழைப்புக்குப் பல அறுவடைகள் ஈடாகின்றன. கட்டு பாதி மக்கியபின் நீரையும் நன்கு பிடித்துவைப்பதால், முதற்போகத்தைவிட அடுத்த போகம் செழிக்க இடமுண்டு.

எந்த வைக்கோல் என்பதும் கேள்வியே. மாடு தின்னும் நல்ல வைக்கோலைக் கீரைக்கு எடுப்பது தீவனத்தைப் பறிப்பதாகும். காவிரிப் படுகையில் குறுவை அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும் ஆண்டுகளில் நனைந்து கறுத்து, தீவனத்துக்கு ஆகாமற்போகும் வைக்கோல் இதற்குப் போதும். அதன் மெழுகுப் பூச்சு ஏற்கெனவே சிதைந்திருப்பதால் நீரை விரைவில் ஏற்கும், பதப்படுத்தும் நாள்களும் குறையும்.