ரிஸானா கவிதைகளில் வராத கேள்வி

2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூர் ரிஸானா நபீக் சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது நம்மவர்கள் எழுதிய கவிதைகள் சிலவற்றை அண்மையில் திரும்ப வாசித்தேன். வறுமை வருகிறது, உம்மாவின் கண்ணீர் வருகிறது, பாலைவனம் வருகிறது. "எங்கட புள்ள" என்ற தவிப்பில் பொய்யில்லை. ஆனால், அந்தத் தண்டனை சரியா என்ற கேள்வி மட்டும் வரவில்லை. கேட்டால் மார்க்கத்தையே கேட்டதாகிவிடுமோ என்ற பயம்தான் காரணமென நினைக்கிறேன்.

அந்தப் பயம் வேண்டியதில்லை. கிஸாஸைச் சொல்லும் அல்பகறா 178ஆம் வசனமே மன்னிப்பையும் சொல்கிறது. ரிஸானா பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982. 2005இல் குழந்தை இறந்தபோது அவருக்கு வயது 17. சட்டத்தரணி இல்லாமலே விசாரித்தார்கள். கொடுத்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். இதில் எது மார்க்கம்? எல்லாம் மனுசன் செய்தது. மனுசன் செய்வதில் பிழை வரும். வெட்டிய தலையை எந்த மேன்முறையீடும் ஒட்ட வைக்காது.

1976க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்நாட்களில் "தூக்கத்தான் வேணும்" எண்டு பேசியவர்களில் ரிஸானாவுக்காக அழுதவர்களும் இருந்தார்கள். என் காதால் கேட்டேன்.

நமது கவிதைகள் ஒரு பிள்ளைக்காக அழ வைத்தன. அடுத்தவன் கழுத்தைப் பற்றி யோசிக்க வைக்கவில்லை.