உரித்த சுவர்

பழைய கோவாவின் பாம் ஜீசஸ் பஸிலிக்காவைப் பார்த்தவர்கள் முதலில் அதன் கல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான். எதிரே ஸே கதீட்ரல் வெள்ளை பூசிக்கொண்டு நிற்கிறது; இதுவோ செம்பூரான் கல்லின் காய்ந்த ரத்த நிறத்தில். முகப்பின் செதுக்கு வேலைகள் கரிய பசால்ட்டில். உச்சியில் யேசு சபையின் ஐ.எச்.எஸ். எழுத்துக்கள். முரட்டுச் சிவப்பின்மேல் நுணுக்கமான கருப்பு தருகிற அனுபவம் அசாதாரணமானது.

ஆனால் கட்டிடம் முடிந்த 1605-ல் இந்த அனுபவம் யாருக்கும் கிடைத்திருக்க முடியாது. அன்று சுவர்கள் சுண்ணாம்புச் சாந்துக்குள் இருந்தன. 1950களில், போர்த்துகீசிய ஆட்சியின் கடைசி வருஷங்களில், பல்த்தசார் காஸ்த்ரோ என்ற கட்டிடக்கலைஞர் சாந்தை உரிக்கச் செய்தார். பழையது பழையதாகவே தெரியவேண்டும் என்ற எண்ணம். ஆக, நாம் வியக்கிற 'ஆதி' வடிவத்துக்கு வயது எழுபது சொச்சம்.

உரித்தால் உண்மை தெரியும் என்ற இந்த நம்பிக்கை நமக்கும் உண்டு. யாப்பை உரித்தோம், அணியை உரித்தோம். மிஞ்சியதை 'நேரடியானது' என்று கொண்டாடுகிறோம். உரித்ததெல்லாம் வெறும் பூச்சுதானா என்று யாரும் கேட்கவில்லை. கோவாக் கொத்தனுக்குச் சாந்து அலங்காரமல்ல. செம்பூரான் கல் வெட்டும்போது மெதுவாக இருந்து காற்றுப்பட்டு இறுகுவது, துளைகள் நிறைந்தது, நீரை உறிஞ்சுவது. அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். சாந்துதான் சுவருக்குத் தோல். தோலை உரித்துவிட்டுத் தசையின் அழகைப் பேசுவது ஒரு ரசனைதான்; சுவரின் ஆயுளைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

மறுபடியும் சாந்து பூசவேண்டும் என்று 2020-ல் தேவாலயப் பொறுப்புப் பாதிரியாரே பகிரங்கமாகக் கேட்டார். படங்களிலும் மனங்களிலும் இந்தச் சிவப்பே பஸிலிக்கா என்றாகிவிட்டதே என்று இதற்குப் பதில் சொல்லலாம். வலுவான பதில். ஒரு பாடபேதத்தை மூன்று தலைமுறை வாசித்துவிட்டால் அதற்கும் ஒரு வாழ்வு வந்துவிடுகிறது. ஆனால் இது வருஷாவருஷம் மழையில் கரைகிற பாடம்.

பூசினால் நான் வியந்த கல் மறைந்துவிடும். மறையட்டும் என்றே சொல்வேன். சுவரைத் தாங்கி நிற்பதற்காக வைத்த கல் அது. என் கண்ணுக்காக வைத்ததல்ல. கவிதையில் நாம் உரித்துப் போட்டவற்றில் எது பூச்சு, எது தோல் என்றும் இனி ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.