ஸ்டாக் பௌல்: உதவித்தொகை இல்லாத ஆட்டமும் சம வாய்ப்பும்

ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் பௌல் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் ஒரு கல்லூரி விளையாட்டுப் போட்டியாகும். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் காற்பந்தில், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை இவ்வாட்டம் முடிவு செய்கிறது. இப்பிரிவில் உள்ளவை பெரும்பாலும் சிறிய கல்லூரிகள். விளையாட்டுத் திறனுக்காக எந்த மாணவருக்கும் இங்கு உதவித்தொகை வழங்கக் கூடாது. ஆகவே, பணத்தின் ஆதிக்கம் இல்லாத, எல்லாக் கல்லூரிகளுக்கும் சம வாய்ப்புள்ள ஆட்டம் என்று இது புகழப்படுகிறது. இப்புகழுரையின் முற்பகுதி பெரிதும் பொருந்தும், பிற்பகுதி பொருந்தாது.

பெயரும் அமைப்பும்

கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கம் கிண்ண வடிவில் அமைந்தது. அதையொட்டி, பருவ முடிவில் நடைபெறும் சிறப்பு ஆட்டங்களுக்கு 'பௌல்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெரிய கல்லூரிகளின் பௌல் ஆட்டங்கள் பல, அணிகளை அழைத்து நடத்தப்படுபவை. ஸ்டாக் பௌலும் 1969இல் ஒரு வட்டார ஆட்டமாகவே தொடங்கியது. 1973 முதல் இது தேசிய இறுதி ஆட்டமாயிற்று. அவ்வாண்டு நான்கு அணிகள் மட்டுமே பட்டத்துக்கு மோதின; விட்டன்பர்க் 41–0 என ஜூனியாட்டாவை வென்றது. 2024இல் அணிகளின் எண்ணிக்கை 40 ஆக உயர்ந்தது. தோற்ற அணி வெளியேறும் முறை என்பதால், சுற்றுதோறும் வென்றே இறுதிக்கு வர முடியும்.

ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் (1862–1965) 1892 முதல் 1932 வரை சிக்காகோ பல்கலைக்கழக அணியின் பயிற்றுநராக இருந்தவர். பணத்துக்காக அன்றி விளையாட்டுக்காகவே ஆட வேண்டும் என்ற கொள்கையுடன் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் அவர் காலத்துச் சிக்காகோ அணி பெருங்கூட்டம் திரட்டி வருவாய் ஈட்டிய அணியாகும். அப்பல்கலைக்கழகம் 1939இல் காற்பந்தைக் கைவிட்டு, 1969இல் மீண்டும் தொடங்கியது. இன்று அது மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

பட்டங்கள் சென்ற இடம்

1993 முதல் 2017 வரை 25 இறுதி ஆட்டங்கள் வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரில் நடைபெற்றன. அவற்றுள் 13 ஆட்டங்களில் ஓகையோவின் மவுண்ட் யூனியனும், 6 ஆட்டங்களில் விஸ்கான்சின்–ஒயிட்வாட்டரும் வென்றன. 2005 முதல் 2011 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் இவ்விரு அணிகளே இறுதியில் மோதின. 2005 முதல் 2014 வரையான பத்துப் பட்டங்களும் இவ்விரண்டுக்கே சென்றன. அதன் பின்னரும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2020இல் கொரோனாவால் போட்டி நடைபெறவில்லை. அதை விடுத்தால், 2019 முதல் 2024 பருவம் வரையான ஐந்து இறுதி ஆட்டங்களிலும் இல்லினாயின் நார்த் சென்ட்ரல் கல்லூரி இடம்பெற்றது.

காரணங்கள்

உதவித்தொகைத் தடை ஒரு வேறுபாட்டை நீக்குகிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. ஒயிட்வாட்டர், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் அரசுப் பல்கலைக்கழகம். தன் மாநில மாணவருக்கு அங்குள்ள கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தைவிடக் குறைவு. உதவித்தொகை கிடைக்காத இடத்தில், குறைந்த கட்டணமே ஆட்டக்காரர்களை ஈர்க்கும் வலிமையாகிறது.

எனினும் அளவு மட்டுமே காரணமன்று. மவுண்ட் யூனியன் ஒரு சிறிய தனியார் நிறுவனம். அங்கு லாரி கெரஸ் 1986 முதல் 2012 வரை பயிற்றுநராக இருந்து 11 பட்டங்கள் வென்றார். அவர் மகன் வின்ஸ் கெரஸ் மேலும் இரண்டு பட்டங்களைச் சேர்த்தார். ஒயிட்வாட்டரின் ஆறு பட்டங்களும் லான்ஸ் லைப்போல்ட் பயிற்றுநராக இருந்த எட்டு ஆண்டுகளில் (2007–2014) வந்தவை. நல்ல பயிற்றுநர் நிலைத்திருக்கும் கல்லூரிக்கு நல்ல மாணவர்கள் தாமே வருகின்றனர். வெற்றி அடுத்த வெற்றிக்கு வழி செய்கிறது.

பணமும் முற்றிலும் விலகிவிடவில்லை. உதவித்தொகை பெறாத ஆட்டக்காரர் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தும் மாணவருமாவார். எனவே சிறிய தனியார் கல்லூரிகள் பலவற்றுக்குப் பெரிய காற்பந்து அணி, மாணவர் சேர்க்கையைக் கூட்டும் வழியாகவும் பயன்படுகிறது.

விதியின் கண்ணில் படுவது

2016இல் டெக்சாசின் மேரி ஹார்டின்–பெய்லர் 10–7 என விஸ்கான்சின்–ஆஷ்காஷை வென்றது. பின்னர் அந்தப் பட்டம் செல்லாததாக்கப்பட்டது. தலைமைப் பயிற்றுநர் தம் பழைய காரை ஓர் ஆட்டக்காரருக்குப் பயன்படுத்தக் கொடுத்ததே காரணம். விதி மீறப்பட்டது உண்மை, தண்டனையும் விதிப்படியானதே. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த கார் உதவியைக் கண்டுபிடிக்கும் அதே விதிக்கு, கட்டண வேறுபாடோ நிறுவன வலிமையோ குற்றமாகத் தெரிவதில்லை.

மதிப்பீடு

இவற்றால் ஸ்டாக் பௌலின் சிறப்பு இல்லாமற் போய்விடாது. 2023இல் கார்ட்லண்ட் 38–37 என நார்த் சென்ட்ரலை வீழ்த்தியது. இறுதி நிமிடங்களில் டச்டவுன் எடுத்த நார்த் சென்ட்ரல், சமன் செய்ய ஒரு புள்ளி போதும் என்ற நிலையிலும் இரண்டு புள்ளிகளுக்கு முயன்று தோற்றது. ஆட்டத்துக்கென உதவித்தொகை பெறாத மாணவர்கள் இத்தகைய துணிவுடன் ஆடுவதே இப்போட்டியின் உண்மையான பெருமை. உதவித்தொகைத் தடையும் காக்கப்பட வேண்டியதே; அது விளையாட்டைப் படிப்புக்கு மேலாக வைக்காமல் தடுக்கிறது. ஆனால் அத்தடை மட்டுமே சம வாய்ப்பைத் தந்துவிடும் என்று கொள்வது பிழை. இதை நேர்மையான போட்டி எனலாம்; சமமான போட்டி எனச் சொல்வதற்குப் பட்டங்களின் பட்டியல் இடம் தரவில்லை.