நாரி நோவுக்குப் பிறவி என்பா காரணம்?

வாவிக்கரை ஊரான அமிர்தகழியில் வலை இழுத்து வாழும் ஒருவர் நாரி நோவென்று எக்ஸ்ரே எடுக்கிறார் என்று வையுங்கள். கடைசி நாரி முள்ளென்பின் ஒரு பக்கம் அகன்று, கீழேயுள்ள திருவென்பைத் தொட்டு நிற்கிறது. ‘பிறவியிலேயே முள்ளந்தண்டு பிழை’ என்ற பேச்சு அன்றோடு வீட்டுக்குள் வந்துவிடும். அவர் இனி வள்ளம் தள்ளலாமா என்பதைக்கூட அந்தப் பேச்சே தீர்மானிக்கும். அதற்கு ஆதாரம் போதுமா?

இந்த மாறுபாட்டை நோவோடு இணைத்து 1917இல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் மாரியோ பெர்த்தொலொத்தி. ஆனால் நோவோடு வருபவர்களை மட்டுமே படம் எடுத்தால், அதே என்போடு சுகமாக நடமாடுபவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். இந்த என்பமைப்பு உள்ளவர்களோ நிறையப்பேர்: ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, 4 முதல் 36 சதவீதம் வரை இந்த மாறுபாடு பதிவாகியிருக்கிறது. 1997இல் வெளியான டச்சு ஆய்வாளர்களின் மீளாய்வு இதற்கும் நாரி நோவுக்கும் தொடர்பு காணவில்லை. முள்ளென்பின் பின்வளைவு மூடாத பிறவிக் குறைக்கும் அதே முடிவுதான்.

ஆனால் எல்லா வகையையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் உண்மை மறைந்துபோகலாம். 1984இல் காஸ்டெல்வி குழுவினர் இதை நான்காகப் பிரித்தார்கள். முதல் வகையில் முள்ளென்பின் பக்கவாட்டில் நீளும் குறுக்குமுளை அகன்றிருக்கும், அவ்வளவே. இரண்டாவதில் அது திருவென்போடு பொய்மூட்டு ஒன்றை அமைக்கும். மூன்றாவதில் முழுதாக ஒட்டிவிடும். நான்காவதில் ஒரு பக்கம் பொய்மூட்டு, மறுபக்கம் ஒட்டு.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாறுபாடே இல்லாதவர்களில் 53.9 சதவீதம் பேர் நாரி நோவு சொன்னார்கள். இரண்டாம் வகையினரில் 73, நான்காம் வகையினரில் 66. முதல் வகையில் 46, மூன்றாவதில் 40 மட்டுமே! முழுதாக ஒட்டியவர்களுக்கு நோவு கூடவில்லை. பொய்மூட்டு உள்ளவர்களுக்கே கூடியது. ஆகவே சந்தேகம் அந்த மூட்டின் மேல்தான் விழவேண்டும். இருந்தாலும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 45 வயதைக் கடந்த, முழங்கால் தேய்வு உள்ள அல்லது வரக்கூடிய அமெரிக்கர்கள். வாவியில் உழைக்கும் இளைஞரின் நாரிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

என் தீர்ப்பு இது: எக்ஸ்ரே மட்டும் காரணத்தை நிறுவாது. பொய்மூட்டு இருக்கும் பக்கத்திலேயே நோவு இருந்து, அந்த மூட்டில் விறைப்பு ஊசி போட்டதும் அது தணிந்தால் மட்டுமே என்பின் மேல் வலுவாகக் குற்றம் சொல்லலாம். சத்திரசிகிச்சை என்று வந்தால் மட்டும் இந்த மாறுபாட்டை மறக்கவே கூடாது. முள்ளென்புகளை எண்ணுவது பிசகினால் கத்தி தவறான இடத்தில் விழும்.

காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, அறிக்கையில் உள்ள ஒரு வரிக்காகத் தொழிலைக் கைவிடுமுன், அது எந்த வகை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.