பொருட்பாலும் பொருள்நூலும்

மயிலாப்பூரில் திருவள்ளுவருக்குக் கோயில் உண்டு. அவர் பிறந்த ஊர் அதுவே என்பது செவிவழி மரபு. 1976இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வள்ளுவர் கோட்டத்திலோ 1,330 குறளும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை இவ்வாறு போற்றும் புலவரின் பொருட்பாலை, கௌடில்யரின் அர்த்த சாத்திரச் சுருக்கமே எனக் கூறுவாரும் உளர். குறளில் 700 பாக்கள் பொருட்பாலுக்கு உரியவை. ஆதலின் இக்கூற்றை ஆராயாது விடுதல் தகாது.

நெடுங்காலம் மறைந்திருந்த கௌடில்யர் நூலை மைசூரில் சாமா சாத்திரி 1909இல் அச்சேற்றிய பின்னர், இரண்டையும் அருகருகே வைத்து நோக்க வழி பிறந்தது. ஒற்றுமை இல்லாமல் இல்லை. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்திருப்பின் நம்பலாம் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

வேற்றுமை எங்கே? அமைச்சரைத் தேர்ந்தறிய அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கையும் இருவருமே சுட்டுகின்றனர். கௌடில்யர் இவற்றைப் பொய் நாடகங்களாக நடத்தச் சொல்கிறார். பதவி பறிக்கப்பட்டவர்போல் நடிக்கும் புரோகிதர், அரசனைக் கவிழ்க்க அறத்தின் பெயரால் அமைச்சரைத் தூண்டவேண்டும்; அரசி தம்மை விரும்புவதாக ஒரு துறவுப்பெண் வந்து சொல்லவேண்டும். பரிமேலழகரும் இந்நாடகங்களையே தம் உரையில் புகுத்தினார். குறளிலோ அவை இல்லை. அதே அதிகாரத்தில், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாகக் காட்டுகிறார் வள்ளுவர். உரையாசிரியர் தந்ததை மூலநூலின் கணக்கில் எழுதுதல் முறையன்று.

கருவூலம் வறண்டபோது இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. மரத்தில் பேய் தோன்றியதாக அச்சமூட்டி மக்களிடம் பணம் திரட்டவும் கௌடில்யர் வழி சொல்கிறார். இது நெருக்கடிக் காலத்துக்கே என அவர் வரம்பிடுவதை மறைத்தலும் நேர்மையன்று. ஆயினும் வள்ளுவர் அவ்வரம்புக்குள்ளும் இசையார். கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வனின் வழிப்பறியோடு ஒப்பிடுகிறார். வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றி வைப்பதற்கு ஒப்பு என்கிறார்.

பொருளீட்டலை இருவருமே இகழவில்லை. ஆனால் ஈட்டும் வழியே பொருளின் தரத்தை முடிவு செய்கிறது என்பதில் வள்ளுவர் விலகி நிற்கிறார். கடை நடத்துவோரும் கணக்கெழுதுவோரும் வாழும் இல்லங்களில், பொருட்பாலை வெறும் அரசதந்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், அவர்களுக்கு எட்டுவது தந்திரம் மட்டுமே, வள்ளுவர் எட்டமாட்டார்.