ஐவி குயின்: ஆட்டமும் சம்மதமும்

1995இல் புவேர்ட்டோ ரிக்கோ போலீஸ் கேசட் கடைகளுக்குள் புகுந்து, ரெகெட்டோனுக்கு முன்னோடியான பாட்டு நாடாக்களை அள்ளிக்கொண்டு போயிற்று. ஆபாசமாம். அரசுக் குடியிருப்புகளின் ஏழை, கறுப்பு இளைஞர்கள் பாடியதுதான் நிஜமான குற்றம். 'தி நாய்ஸ்' என்ற அந்த ஆண் கூட்டத்துக்குள் நுழைந்து, பாடகனைக் குற்றவாளியாக்குவதை எதிர்த்துப் பாடினார் மார்த்தா இவெலிஸ் பெசான்ட்டே. 1972இல் பிறந்த ஐவி குயின்.

இதை மட்டும் கொண்டாடுவது சுலபம். விஷயம் 2003இல் வந்த 'கியேரோ பைலார்' பாட்டில் இருக்கிறது. பெர்ரேயோ ஆட்டத்தில் பெண் ஆணுக்கு முதுகு காட்டி, ஒட்டி ஆடுகிறாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறவனிடம் ஆட்டம் வேற, படுக்கை வேற என்கிறார். ஒழுக்கவாதிக்கு அந்த ஆட்டமே கூடாது. ஆண் பாடகனுக்கோ அந்த உடல் சரக்கு. பெண் ஆடவும் செய்வாள், மறுக்கவும் செய்வாள் என்பதுதான் ரெண்டு பேருக்குமே உதைக்கிறது. நுகர்வுக் கலாச்சாரம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற முற்போக்கு விமர்சகருக்கும் இது காதில் விழாது.

எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. 'ராணி' என்ற பெயர், 1997இல் வந்த முதல் தொகுப்புக்கு 'என் சாம்ராஜ்யத்தில்' என்று பொருள்படும் தலைப்பு, பிறகு 'டிவா' – எல்லாம் சிம்மாசனத்தின் மொழி. ஒருத்தி ராணியானால் இன்னொருத்திக்கு எங்கே இடம்? ஆனால் பெண் குரல் குழையணும் என்கிற எதிர்பார்ப்பை உடைத்த அந்தக் கரகரத்த குரலை, இந்தப் பட்டங்களை வைத்துத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.