மெழுகுவர்த்தியும் கதிரையும்

வேலைத்தலத்தை வீடுபோல் இதமாக்குங்கள் என்ற அறிவுரை இப்போது டென்மார்க்கின் பெயரால் வருகிறது. கொபன்ஹேகனில் உள்ள மகிழ்ச்சி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் மைக் விக்கிங் 2016இல் 'ஹூகெ' என்ற டேனிய இதப் பழக்கம் பற்றி எழுதிய சிறு நூல் பல மொழிகளில் விற்றது. மெழுகுவர்த்தி, கம்பளிப் போர்வை, மங்கல் விளக்கு, சூடான கோப்பி, நெருங்கிய நாலு பேர் என்ற படத்தை அது உலகம் முழுக்கப் பரப்பியது. வீட்டுக்காகச் சொன்ன அந்தப் படம் பிறகு கந்தோருக்குள்ளும் நுழைந்தது: மேசையில் ஒரு செடி, ஓய்வு மூலையில் மெத்தைகள், வாரக் கடைசியில் கூட்டுச் சாப்பாடு, உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்ற சுவர் வாசகம். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பேயிலும் இதன் சாயல் உண்டு. பாலத்தைக் கடந்து உல்லைக்குள் போனால், பிரதான வீதிக் கோப்பிக் கடைகளில் பிரம்பு விளக்குகள் தொங்குகின்றன. தரையோடு தாழ்ந்த திண்டுகளில் மடிக்கணினியோடு வெளிநாட்டவர் சாய்ந்திருக்கிறார்கள். அந்தத் திண்டைத் தட்டிப் போடுகிறவருக்கும், கல்முனைப் புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவருக்கும் இந்த டேனிய யோசனை எதைத் தரும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஹூகெயை மெழுகுவர்த்தி வியாபாரம் என்று தள்ளுவது அவசரம். விக்கிங் அதன் கூறுகளாகப் பத்தைச் சொல்கிறார். அவற்றில் சூழலும் சௌகரியமும் கடையில் வாங்கக்கூடியவை. சமத்துவம், நன்றியுணர்வு, ஒன்றுகூடல், அடைக்கலம் ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மேலதிகாரியும் தானே எழுந்து போய்க் கோப்பி ஊற்றிக்கொள்கிற மேசை என்பது சின்ன விஷயமல்ல. நம் கந்தோர்களில் பெரிய ஐயாவின் கோப்பை தனி, மற்றவர்களின் கோப்பை தனி. சிறு இதங்களையும் நான் குறைத்து மதிக்கவில்லை. காலை எட்டு மணி முதல் உப்புக் காற்றில் நின்றவருக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நாலு பேரோடு சேர்ந்து குடிக்கிற இஞ்சிப் பிளேன்டீ, மிச்ச நேரத்தைத் தாங்கும் பலத்தைத் தருகிறது. அதைப் பொய்யென்று எவரும் சொல்ல முடியாது.

பொருள்களைப் பொறுத்தவரை அதிகம் வாதிடத் தேவையில்லை. கொபன்ஹேகனில் டிசம்பர் மாதப் பகல் சுமார் ஏழு மணி நேரம். அங்கே ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு கிலோ மெழுகு எரிப்பதாக விக்கிங் எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. இருட்டுக்கும் குளிருக்கும் எதிரான ஏற்பாடு அது. பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில் கிடக்கும் நமக்கு இதம் என்பது நிழல், காற்று, குடிதண்ணீர். கோப்பிக் கடையின் முன்புறத்தில் வாடிக்கையாளருக்கு மின்விசிறி சுழலும்போது, பின்புறத் தகரக் கூரைக்குக் கீழே ரொட்டி சுடுகிற பையனின் முதுகில் வியர்வை ஓடுகிறது. அவனுக்கு வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம். புகை போக ஒரு வழியும், இன்னொரு மின்விசிறியும் வேண்டும்.

சேர்ந்திருக்கும் பழக்கத்தைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். இந்தக் கரையில் அதற்கு டென்மார்க்கைக் கேட்க வேண்டியதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எங்கும் கல்யாணத்திலும் கந்தூரியிலும் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் முதலாளியாக இருந்தாலும் இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி கடைக்கு வருகிறது. பேரீச்சம்பழத்தோடு முதலாளியும் வேலையாளும் ஒரே பாயில் நோன்பு திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடைத்தெரு ஷட்டரை இறக்குகிறது. அந்த நேரத்தை நட்டமென்று எந்த வியாபாரியும் கணக்கெழுதுவதில்லை. இவற்றில் மிக உறுதியானது ஜும்ஆ இடைவேளை. நோன்பு திறப்பு முதலாளியின் தாராளத்தைப் பொறுத்தது. சஹன் விருந்து எப்போதோ வருவது. ஜும்ஆவுக்குப் போக எந்த ஊழியனும் முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தலைசொறிய வேண்டியதில்லை. ஒரு வேலைத்தல ஏற்பாட்டின் பெறுமதியை அளக்க எனக்குத் தெரிந்த சரியான உரைகல் இதுதான்: அதைப் பெற யாரிடமாவது கெஞ்ச வேண்டுமா, வேண்டாமா?

அந்த உரைகல்லில் நம் பழக்கங்களையும் உரசத்தான் வேண்டும். ஆண்கள் சஹனைச் சுற்றி இருக்கும்போது, அதே கடையில் வேலை செய்யும் பெண் புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்து வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறார். பல கடைகளில் அவருக்கென்று ஒரு கழிப்பறை இல்லை. தெரிந்த வீட்டுக்கு ஓடிப் போய் வருகிறார், அல்லது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். "நீங்கல்லாம் நம்மட வீட்டுப் புள்ளையள்தானே" என்று முதலாளி சொல்வது உண்மையான அன்பாகவே இருக்கலாம். ஆனால் அந்த அன்புக்குள் ஊழியர் சேமலாப நிதி காணாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுப் பிள்ளை ஓவர்டைம் கேட்காது என்ற எதிர்பார்ப்பும் அந்த அன்போடு சேர்ந்தே வருகிறது.

ஹூகெயின் உள்ளேயும் இதே முடிச்சு இருக்கிறது. விக்கிங்கின் பத்துக் கூறுகளில் ஒன்று சச்சரவு தவிர்த்தல்: இதமான பொழுதில் அரசியலும் தகராறும் வேண்டாம், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது. நண்பர் வீட்டு இராச்சாப்பாட்டுக்கு இது நல்ல ஒழுங்கு. சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே அறையில் இருக்கும் இடத்தில் இது ஆபத்து. அங்கே முறைப்பாடு சொல்கிறவரே இதத்தைக் கெடுத்தவராகிவிடுகிறார். டேனிய மானுடவியலாளர் ஜெப்ப ட்ரொல்ல லின்னெட் 2011இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஹூகெ சமத்துவம் பேசிக்கொண்டே நடுத்தர வர்க்கத்தின் ரசனையை அளவுகோலாக்கி, அதற்கு வெளியே இருப்போரை ஒதுக்கவும் கட்டுப்படுத்தவும் வல்லது என்று காட்டினார். விக்கிங்கின் நூல் உலகச் சந்தைக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளிருந்து வந்த விமர்சனம் அது. கந்தோருக்குள் ஹூகெயைக் கொண்டுபோகச் சொல்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுயபராமரிப்பு என்ற பேச்சிலும் அதே தாண்டல்தான். களைப்பை உண்டாக்குகிற பன்னிரண்டு மணி நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, களைத்தவரை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்.

வேலைத்தல இதமின்மையை நம் மொழியில் மிகக் கூர்மையாகக் காட்டியது வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) திரைப்படம். சென்னை ரங்கநாதன் தெருப் புடவைக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்களின் படம் அது. இந்தப் பிரச்சினையின் தீர்வை எழுதியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். தையல் தொழிலாளியான பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் கழிப்பறை கேட்டுத் தொடங்கி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமை வரை போராடினார்கள். கேரளம் 2018இல் தன் கடைச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு கதிரைக்காகச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது.

பெருநாளைக்கு முந்திய வாரம் கல்முனையில் எந்தப் புடவைக்கடையிலும் ஏறிப் பாருங்கள். இருபது வயதுப் பெண், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நிற்பார். விரித்த சேலைகளை மடித்து முடிக்கும் முன் அடுத்த குடும்பம் வந்துவிடும். கூட்டம் சற்று விலகினால், பிரிக்காத புடவைக் கட்டொன்றின் விளிம்பில் பாதி உட்கார்வார், காசு மேசைப் பக்கம் ஒரு பார்வை போகும், உடனே எழுந்துவிடுவார். அவர் உட்காரக் கூடாது என்று அங்கே எழுதி ஒட்டியிருப்பதில்லை. உட்காரலாம் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கடையில் வாசனை விளக்கு ஏற்றினாலும் அவருடைய கணுக்கால் வீக்கம் குறையப் போவதில்லை.

டென்மார்க்கில் மாலை நாலரைக்கு வீடு திரும்பி மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதை ஹூகெ நூல்கள் பின்னணியில் தள்ளிவிடுகின்றன. 1899இல் அந்நாட்டு முதலாளிமார் சங்கம் தொழிலாளரை வெளியே நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் கதவடைப்புச் செய்தது. அது செப்டம்பர் உடன்பாட்டில் முடிந்தது: நிர்வகிக்கும் உரிமை முதலாளிக்கு, சங்கம் சேரும் உரிமை தொழிலாளிக்கு. இன்றும் அங்கே சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. கூட்டு ஒப்பந்தங்களே சம்பளத்தை முடிவு செய்கின்றன. வாரத்துக்கு 37 மணி நேரம் என்பதும் அந்த ஒப்பந்தங்களின் கணக்கு. ஆண்டுக்கு ஐந்து வாரச் சம்பள விடுமுறையைச் சட்டம் தருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளரின் பிரதிநிதிகளும் உட்காரும் பாதுகாப்பு, சுகாதார அமைப்பு கட்டாயம். 1686 முதல் இருந்துவந்த பெரிய பிரார்த்தனை நாள் விடுமுறையை, பாதுகாப்புச் செலவைக் காரணம் காட்டி 2023இல் அரசாங்கம் நீக்க முனைந்தபோது, தொழிற்சங்கங்களின் அழைப்பில் பல்லாயிரம் பேர் நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். அந்த ஆண்டு அவர்கள் தோற்றார்கள். 2024 முதல் அந்த விடுமுறை இல்லை. ஆனாலும் ஒரு நாள் ஓய்வைத் தங்கள் சொத்தாக எண்ணித் தெருவுக்கு வரும் சமூகம் அது. மெழுகுவர்த்தி அந்த வீட்டின் மேசையில் இருக்கும் பொருள். வீட்டைக் கட்டியவை மேலே சொன்னவை.

ஆகவே என் தீர்ப்பு இது. கந்தோர் ஹூகெயின் பொருள்கள் நமக்குப் பொருந்தாதவை. அதன் கூடிப் பேசும் பண்பு நம்மிடமே நிறைய உண்டு. பெண்களையும் அந்தப் பாய்க்கு அழைப்பதுதான் மிச்ச வேலை. இறக்குமதி செய்யத் தகுந்தது விடுமுறைக் கணக்கும், நேரக் கணக்கும், முகம் பார்க்காமல் பேசும் உரிமையும். இங்கே அவற்றின் வேர் இல்லாமலும் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று அன்றே வரம்பு போட்டது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும் அதில் உண்டு. பெருநாள் வாரத்தில் அந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருக்கும் கடை அபூர்வம்.

சிறு முதலாளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமி இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதன் பின் கொரோனா, 2022 பொருளாதார வீழ்ச்சி என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. ஐந்து அறை விடுதி நடத்துகிறவரிடம் டென்மார்க்கின் சட்டப் புத்தகத்தை நீட்டுவது நியாயமில்லை என்ற வாதத்துக்குப் பாரம் இருக்கிறது. அறுகம்பேயின் அலைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மட்டுமே. நம் சட்டத்தில் முழு ஆண்டு லீவு, வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டில்தான் பிறக்கிறது. ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. பருவத்துக்கு வந்து போகிறவருக்கு அதில் இடமில்லை.

இங்கேதான் டேனியரின் ஓர் ஏற்பாடு நேராகப் பயன்படும். அங்கே மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குச் சம்பளத்தின் 12.5 வீதம் விடுமுறைப் பணமாகத் தனியே சேர்கிறது. அவர் வேலையை விட்டுப் போனாலும் அது அவரோடு போகும். அறுகம்பேயில் மாதம் 40,000 ரூபா வாங்கும் சமையலாள் ஒருவர் ஆறு மாதம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் 30,000 ரூபா சேர்ந்திருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி விடுதிகள் பூட்டும் நவம்பரில் அது கைக்கு வரும். ஒரு கோப்பிக் கடை தன் திண்டுகளுக்கும் விளக்குகளுக்கும் செலவிடுகிற தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய காசல்ல.

ஒரு விடுதிக்காரர் மட்டும் தனியாக இதைச் செய்தால் பக்கத்து விடுதியின் விலைக்கு ஈடுகொடுக்க மாட்டார். ஜும்ஆவுக்கு ஷட்டர் இறக்குவதில் எவருக்கும் நட்டமில்லாதது, எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் மூடுவதால்தான். உல்லை வீதியின் விடுதிக்காரர்களும், அங்கே வேலை செய்கிறவர்களும், தொழில் திணைக்கள அதிகாரிகளும் அடுத்த ஏப்ரலுக்கு முன் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த வீதத்தைப் பேசி முடிக்கலாம்; அந்தப் பேச்சில் சமையலறைப் பையனுக்கும் ஒரு கதிரை போட வேண்டும்.